கரிசல் மண்ணின் வழக்குரைஞர்

நுழையும்முன்

விடுதலைப் போராட்ட வரலாற்றில் கப்பலோட்டிய தமிழர் என்று போற்றப்படுபவர் வ.உ. சிதம்பரனார். கடலில் கப்பல் விட்டதும் சிறையில் செக்கிழுத்ததும் அவர் வாழ்வின் புகழ்பெற்ற பக்கங்கள். அவர் தொழிலால் வழக்குரைஞர் என்பதை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். சான்றுகளைக் கொண்டு பிறரைக் காத்த அவரையே சான்றுகளின் பெயரால் தண்டித்தனர். தொழில் புரியும் உரிமத்தை இழந்து, ஆண்டுகள் பல கழிந்தபின் அதை அவர் மீண்டும் பெற்றார். வழக்குரைஞர் ஒருவரின் உரிமையும் பொறுப்பும் எவை என்பதை அவரது வாழ்க்கை வழியே காண்போம்.

கரிசல் நாடும் நீதிமன்றமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி முதலாகத் தெற்கே கோவில்பட்டி, எட்டயபுரம், ஒட்டப்பிடாரம் வரை பரந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. குண்டாறும் வைப்பாறும் மழைக்காலத்தில் சில நாள் ஓடி, ஆண்டின் எஞ்சிய நாளெல்லாம் மணலாகக் கிடக்கும். கண்மாய் நிறைந்தால் நெல் விளையும். நிறையாவிட்டால் கம்பும் சோளமும் பருத்தியுமே கதி. மழை பொய்த்த ஆண்டுகளில் கடன் பெருகும். கடனைத் தொடர்ந்து வழக்கும் வரும். வரப்புத் தகராறு, கிணற்றில் பங்கு, ஆடுமாடு களவு, அடிதடி என வழக்குகளுக்குக் குறைவில்லை.

இவ்வழக்குகளில் எழுத்து ஆவணங்கள் அரிதாகவே இருந்தன. வாய்வார்த்தையே பத்திரம். எனவே யார் கண்டார், யார் கேட்டார், அவரை நம்பலாமா என்னும் வினாக்களே வழக்கின் முடிவைத் தீர்மானித்தன. கல்வி பெறாத ஓர் உழவர் கூண்டில் ஏறி நிற்கும்போது, அவருக்காகப் பேசத் தெரிந்த ஒருவர் இல்லையேல் அவரது உண்மை ஊமையாகிவிடும்.

அக்காலத்தில் வழக்கறிவு பெற்ற பலர் பட்டம் பெறாதவர்களே. திருச்சுழியில் வாழ்ந்த சுந்தரம் ஐயர் இதற்கு நல்ல சான்று. இளமையில் மாதம் இரண்டு ரூபாய் ஊதியத்தில் கணக்கரிடம் எழுத்தராகச் சேர்ந்த அவர், பின்னர் மனு எழுதித் தருபவரானார். அனுபவத்தால் சட்டம் பயின்று, சான்றிதழ் இல்லாமலேயே நடுவர் மன்றத்தில் வாதாடும் இசைவு பெற்றார். 1879ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்குப் பிறந்த மகன் வேங்கடராமனே பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர்.

அதே 1879ஆம் ஆண்டில்தான் சட்டத் தொழில் புரிவோர் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் சென்னை மாகாணத்துக்கும் அது நீட்டிக்கப்பட்டது. தேர்வு எழுதித் தேறியவருக்கே சான்றிதழ். சான்றிதழ் பெற்றவர் தவறினால் உயர்நீதிமன்றம் அவரை இடைநிறுத்தலாம், நீக்கலாம் என்பது அதன் அடிப்படை. பட்டறிவினால் மட்டும் வழக்காடிய காலம் மெல்ல முடிந்து, விதிகளால் கட்டுண்ட தொழிலாக வழக்காடல் மாறத் தொடங்கியது. அம்மாற்றத்தின் தொடக்கத்தில் தொழிலுக்கு வந்தவர் சிதம்பரனார்.

சட்டமும் குழந்தையும்

இந்தியச் சாட்சியச் சட்டம் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்ட அறிஞர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் அதனை வரைந்தார். எதைச் சான்றாக ஏற்கலாம், எதை ஏற்கலாகாது, யார் மெய்ப்பிக்க வேண்டும், சாட்சியை எவ்வாறு வினவ வேண்டும் என்பவற்றை அச்சட்டம் 167 பிரிவுகளில் வரையறுத்தது.

அச்சட்டம் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் நாள், செப்டம்பர் 5 அன்று, உலகநாதர், பரமாயி அம்மாள் இணையருக்கு மூத்த மகனாகச் சிதம்பரனார் பிறந்தார். ஒட்டப்பிடாரம் அவரது ஊர். தந்தையார் அங்கு வழக்குரைஞர். பிற்காலத்தில் தம் பிழைப்பும் தம் தண்டனையும் சார்ந்து நிற்கப்போகும் சட்டத்துக்கும் தமக்கும் ஒரே வயது என்பது வரலாற்றில் அமைந்த வியப்பான பொருத்தம்.

ஊரிலும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பள்ளிக் கல்வி பயின்ற அவர், வட்டாட்சி அலுவலகத்தில் சிறிது காலம் எழுத்தராகப் பணியாற்றினார். மகன் தம்மைப் போலவே வழக்குரைஞராக வேண்டும் என விரும்பிய தந்தையார் அவரைத் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பினார். அங்குச் சட்டம் பயின்று 1894இல் தேர்வு எழுதினார். மறு ஆண்டு சன்னது பெற்று ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். சன்னது என்பது நீதிமன்றத்தில் பிறருக்காகப் பேசும் உரிமையை வழங்கும் ஆவணம்.

ஒட்டப்பிடாரத்து இளம் வழக்குரைஞர்

தந்தையாரிடம் பெரும்பாலும் வசதி படைத்தோர் வழக்குகள் வந்தன. மகனோ குற்றவியல் வழக்குகளில் ஏழைகளுக்காகத் தோன்றினார். பொருள் இல்லாதவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. சில வழக்குகளில் தந்தை ஒரு தரப்பிலும் மகன் எதிர்த்தரப்பிலும் நின்றனர். வீட்டில் ஒரே கூடத்தில் உண்டவர்கள் நீதிமன்றத்தில் எதிரெதிராக வாதாடினர். தம் கட்சிக்காரரின் நலனுக்கு முன் உறவு நிற்கலாகாது என்னும் தொழிலறத்தை அவர் இளமையிலேயே கடைப்பிடித்தார்.

அவரது வலிமை குறுக்கு விசாரணையில் இருந்தது. குலசேகரநல்லூர் ஆசாரி ஒருவர் மீது தொடரப்பட்ட வழக்கில், எதிர்த்தரப்புச் சாட்சிகளின் கூற்றுகளில் இருந்த முரண்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தார். நடுவர் மூவர் கையூட்டுப் பெற்றதை மெய்ப்பித்ததும் அவரது துணிவைக் காட்டியது. நீதி வழங்கும் இடத்தில் இருப்போர் மீதே குற்றம் சாட்டுவது எளிதன்று. சான்று பிசகினால் சாட்டியவரின் தொழிலே முடிந்துவிடும். அத்தகைய வழக்கில் இறங்கியவர் தம் சான்றுகளை எவ்வளவு கவனமாகத் திரட்டியிருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

சாட்சியச் சட்டத்தின் மூன்று விதிகள் இத்தகைய வழக்குகளில் எளியவரின் கவசமாக இருந்தன. முதலாவது, வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும். கண்டதைக் கண்டவரே கூற வேண்டும்; கேட்டதைக் கேட்டவரே கூற வேண்டும். ஊரார் பேசிக்கொண்டனர் என்பது சான்றாகாது. இரண்டாவது, காவல் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலை, அளித்தவருக்கு எதிராக மெய்ப்பிக்க இயலாது. அடிக்கு அஞ்சி ஒப்புக்கொள்பவர் உண்டு என்பதைச் சட்டம் அறிந்திருந்தது. மூன்றாவது, ஒருவர் மீது குற்றம் உண்டு என்று கூறுபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். தம்மிடம் குற்றம் இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் இல்லை.

இவ்விதிகளை ஏட்டில் படித்தவர் பலர். காவலரின் சினத்தைப் பொருட்படுத்தாமல் அவற்றை ஓர் ஏழைக்காக எடுத்து நிறுத்தியவர் சிலரே. சிதம்பரனாரின் வெற்றிகள் அவருக்கு நற்பெயரையும் காவல்துறையின் பகையையும் சேர்த்தே ஈட்டித் தந்தன. மகனுக்கு இடர் நேருமோ என அஞ்சிய தந்தையார், 1900இல் அவரைத் தூத்துக்குடிக்கு இடம்பெயரச் செய்தார்.

இக்காலத்தில் அவரது இல்லத்தில் இராமையா தேசிகர் என்னும் பார்வையற்ற துறவி தங்கியிருந்தார். அவரது குலத்தைக் காட்டி ஊரார் எதிர்ப்புத் தெரிவித்தனர். முதல் மனைவியான வள்ளியம்மையார் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் தேசிகருக்கு உணவளித்துப் பேணினார். நீதிமன்றத்தில் அனைவரும் சமம் என்று வாதிட்டவரின் வீட்டிலும் அந்நெறியே நிலவியது.

விதிகள் வழக்குரைஞரையும் கட்டும்

சாட்சியச் சட்டம் சாட்சிகளுக்கு மட்டும் உரியது எனப் பலர் கருதுகின்றனர். அது வழக்குரைஞரையும் கட்டுப்படுத்துகிறது. கட்சிக்காரர் தம் வழக்குரைஞரிடம் நம்பிக்கையோடு கூறியதை, அவரது வெளிப்படையான இசைவின்றி வழக்குரைஞர் வெளியிடலாகாது. வழக்கு முடிந்த பின்னும் இக்கடமை முடிவதில்லை. ஆனால் சட்டவிரோதமான செயலுக்குத் துணைதேடிக் கூறிய செய்திக்கு இப்பாதுகாப்பு இல்லை. கட்சிக்காரரின் மறைபொருளைக் காப்பவராக இருக்கும் வழக்குரைஞர், அவரது குற்றத்துக்குக் கூட்டாளியாக இருக்க இயலாது.

குறுக்கு விசாரணைக்கும் எல்லை உண்டு. சாட்சியின் நடத்தையைக் களங்கப்படுத்தும் வினாவை, அதற்கு நியாயமான அடிப்படை இருந்தாலன்றிக் கேட்கலாகாது. சட்டமே இதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. எவரும் ஒன்றும் அறியாத ஒரு சாட்சியைப் பார்த்து, நீ கொள்ளைக்காரனா என்று வாய்க்கு வந்தபடி வினவுதல் கூடாது. தகுந்த ஒருவரிடமிருந்து செய்தி பெற்று, அதன் அடிப்படையில் வினவினால் குற்றமில்லை. அடிப்படையின்றி வினவும் வழக்குரைஞரைப் பற்றி, நீதிமன்றம் உயர்நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பலாம். கூண்டில் நிற்பவரின் மானமும் வழக்குரைஞரின் பொறுப்பில் இருக்கிறது என்பதே இவ்விதியின் உட்பொருள்.

சட்டத் தொழில் புரிவோர் சட்டம் மேலும் சில தவறுகளைக் குறிப்பிட்டது. தரகருக்குப் பங்கு கொடுத்து வழக்குப் பிடித்தல், தொழிலில் ஏமாற்றுதல், பெரிதும் தகாத முறையில் நடத்தல் ஆகியவை விசாரணைக்கு உரியவை. இவற்றோடு மற்றொரு விதியும் இருந்தது. தொழிலுக்குத் தகுதியற்றவர் என்று காட்டும் குணக்கேட்டை உணர்த்தும் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரை உயர்நீதிமன்றம் நீக்கலாம். குணக்கேடு என்றால் என்ன? நாட்டின் மீது கொண்ட பற்றும் குணக்கேடாகுமா? இவ்வினா ஒருநாள் தம் வாழ்வையே தொடும் என்பதைத் தூத்துக்குடியில் தொழில் நடத்திய சிதம்பரனார் அப்போது அறிந்திருக்க வாய்ப்பில்லை.

கூண்டில் நின்ற வழக்குரைஞர்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்தை ஆங்கிலேய நிறுவனம் ஒன்று தன் பிடிக்குள் வைத்திருந்தது. அதை எதிர்த்து 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. பங்கு ஒன்று 25 ரூபாய் என 40,000 பங்குகள். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். உணர்ச்சியால் எழுந்த எதிர்ப்புக்கு முறையான சட்ட வடிவம் அளித்ததில் சிதம்பரனாரின் வழக்குரைஞர் அறிவு வெளிப்பட்டது. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் சங்கத்துக்கு உரிமையாயின.

1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வும் விடுமுறையும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். தொழிலாளர் வென்றனர். அரசு அமைதியாக இருக்கவில்லை. மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் பெருங்கலவரம் மூண்டது.

அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டியது, அவ்வாறு பேசிய சிவாவுக்கு ஆதரவளித்து உடந்தையாக இருந்தது ஆகிய இரு குற்றங்கள் சிதம்பரனார் மீது சாட்டப்பட்டன. திருநெல்வேலியில் கூடுதல் அமர்வு நீதிபதி பின்ஹே முன் வழக்கு நடந்தது. கத்தியோ துப்பாக்கியோ இவ்வழக்கில் சான்றாகவில்லை. மேடையில் பேசிய சொற்களே சான்று. கூட்டங்களில் பேசியவற்றைப் பற்றிக் காவல்துறையினர் எழுதிய குறிப்புகளையே அரசுத் தரப்பு பெரிதும் நம்பியது.

இவ்விடத்தில் சாட்சியச் சட்டத்தின் நுட்பமான விதி ஒன்றை அறிதல் வேண்டும். நிகழ்ச்சி நடந்தபோதோ உடனடியாகப் பின்னரோ தாம் எழுதிய குறிப்பைப் பார்த்து ஒரு சாட்சி நினைவைப் புதுப்பித்துக் கொள்ளலாம். எதிர்த்தரப்பினர் கேட்டால் அக்குறிப்பைக் காட்ட வேண்டும். அதன் மீது குறுக்கு விசாரணையும் செய்யலாம். விரைந்து ஓடும் தமிழ்ச் சொற்பொழிவை ஒருவர் கையால் எழுதும்போது எதை எழுதுவார், எதை விடுவார்? விட்ட சொல்லில் பேசியவரின் கருத்து மாறிவிடாதா? அது பின்னர் ஆங்கிலமாகும்போது என்ன ஆகும்? ஒரு சொல்லுக்காக ஒருவர் வாழ்நாளை இழக்கக்கூடிய வழக்கில் இவ்வினாக்கள் உயிர்நிலையானவை. பிறரின் சாட்சியத்தில் இத்தகைய இடைவெளிகளைத் தேடி ஏழைகளை மீட்டவர், இப்போது தாமே அந்த இடைவெளிகளுக்கு முன் குற்றம் சாட்டப்பட்டவராக நின்றார். எட்டயபுரத்துக் கரிசலில் பிறந்த நண்பர் பாரதியாரும் இவ்வழக்கு தொடர்பாக நீதிமன்றத்தில் தோன்றினார்.

ஜூலை 7 அன்று தீர்ப்பு வந்தது. இரு குற்றங்களுக்கும் தனித்தனியே வாழ்நாள் நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. இருபதும் இருபதும் சேர்ந்து நாற்பதாண்டுத் தண்டனை என நாடெங்கும் பேச்சு எழுந்தது. சிவாவுக்குப் பத்தாண்டு. இத்தண்டனையின் கடுமையை இங்கிலாந்தில் இந்தியத் துறைச் செயலராக இருந்த மார்லியே ஏற்க இயலவில்லை. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. ஆயினும் குற்றவாளி என்னும் முடிவு மாறவில்லை. அம்முடிவோடு அவரது சன்னதும் பறிபோனது.

சன்னது இல்லாத ஆண்டுகள்

கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணூர்ச் சிறையிலும் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் கழிந்தன. மாடு இழுக்கும் செக்கில் மனிதரைப் பூட்டிய கொடுமையை அவர் பட்டார். உடல் நலிந்த நிலையிலும் அவருக்குள் இருந்த வழக்குரைஞர் ஓய்ந்துவிடவில்லை. சிறையிலிருந்தபடியே சட்டப்படியான மனுக்களைத் தொடர்ந்து எழுதினார். கைதிக்கும் சட்டம் தரும் உரிமை உண்டு, அதை எழுத்தில் கேட்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

1912 டிசம்பரில் விடுதலையானபோது கப்பல் சங்கம் இல்லை; கப்பல்கள் விற்கப்பட்டுவிட்டன. வரவேற்கக் கூட்டம் இல்லை. சென்னையில் குடியேறிய அவருக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்ய உரிமை இல்லை. ஒருகாலத்தில் ஒரு வழக்குக்கு நூற்றுக்கணக்கில் ஈட்டக்கூடியவர், மண்ணெண்ணெய்க் கடை வைத்துப் பிழைக்க முயன்றார். வறுமை அவரை விடவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கெனத் திரட்டிய தொகையைக் காந்தியடிகள் வழியாகப் பெற வேண்டிய நிலையில் அவர் இருந்தார். அது குறித்து இருவரும் 1915, 1916ஆம் ஆண்டுகளில் கடிதங்கள் எழுதிக்கொண்டனர்.

நீதிமன்றக் கதவு மூடியிருந்த அவ்வாண்டுகளில் அவர் தமிழ்ச் சுவடிகளின் பக்கம் திரும்பினார். திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் 1917இல் பதிப்பித்தார். பின்னாளில் தொல்காப்பிய இளம்பூரணர் உரையிலும் உழைத்தார். பதிப்புத் தொழிலும் ஒருவகையில் சான்றாய்வே. ஏடுகள் முரண்படும்போது எது மூலம், எது பிற்சேர்க்கை என்று ஆராய்ந்து முடிவு கூற வேண்டும். சாட்சிகளின் கூற்றை ஒப்பிட்டுப் பழகிய கண்கள் ஏடுகளையும் அவ்வாறே ஒப்பிட்டன.

1920இல் காங்கிரசின் ஒத்துழையாமைத் திட்டம், வழக்குரைஞர்கள் நீதிமன்றங்களைப் புறக்கணிக்க வேண்டும் என்று கோரியது. அத்திட்டத்தில் உடன்பாடு இல்லாத சிதம்பரனார் காங்கிரசிலிருந்து விலகினார். நாட்டுக்காகத் தொழிலை இழந்து நின்றவரே அம்முடிவை எடுத்தார் என்பது கருதத்தக்கது.

திரும்பி வந்த உரிமை

திருநெல்வேலியில் நடுவராகப் பணியாற்றிய இ.எச். வாலஸ் என்னும் ஆங்கிலேயர், பின்னர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். அவர் சிதம்பரனாரை அறிந்தவர். அவரது முயற்சியால் சிதம்பரனாருக்குச் சன்னது மீண்டும் வழங்கப்பட்டது. நன்றி மறவாத சிதம்பரனார் தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர், ஆங்கிலேய நீதிபதி ஒருவரின் பெயரைத் தம் குழந்தைக்குச் சூட்டினார். ஆட்சியின் மீது கொண்ட எதிர்ப்பும் தனிமனிதரின் நேர்மைக்குச் செலுத்தும் மதிப்பும் அவருள் இணைந்தே இருந்தன.

இதன் பொருளை உணர, அதே காலத்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியை ஒப்பிடலாம். ஆட்சியெதிர்ப்புக் குற்றத்துக்காக 1922இல் காந்தியடிகள் தண்டிக்கப்பட்டபின், அவருக்குப் பாரிஸ்டர் தகுதி அளித்திருந்த லண்டன் இன்னர் டெம்பிள் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. மீண்டும் சேர்த்தது 1988ஆம் ஆண்டில்தான். அதற்குள் காந்தியடிகள் மறைந்து நாற்பதாண்டுகள் ஆகியிருந்தன. சிதம்பரனாருக்கோ வாழும் நாளிலேயே அந்நீதி கிடைத்தது. ஒருவர் தண்டிக்கப்பட்டார் என்பதும் அவர் குணத்தில் கெட்டவர் என்பதும் வேறுவேறு என்பதை அவர் கைக்குத் திரும்பி வந்த சன்னது சொல்லாமல் சொல்லியது.

1924 முதல் 1932 வரை கோவில்பட்டியில் அவர் தொழில் நடத்தினார். அருப்புக்கோட்டைக்குத் தென்மேற்கே, அதே கரிசல் பரப்பில் அமைந்த ஊர் அது. இளமையில் எந்த மண்ணின் வழக்குகளோடு தொடங்கினாரோ அந்த மண்ணுக்கே ஐம்பது வயதைக் கடந்தபின் திரும்பினார். வழக்குகள் இருந்தன, பழைய வருவாய் இல்லை. வருவாய்க்காக அறத்தைத் தளர்த்தியிருந்தால் அவரது கடன்கள் தீர்ந்திருக்கலாம். அவ்வழியை அவர் நாடவில்லை என்பதை இறுதிவரை தொடர்ந்த வறுமையே காட்டுகிறது.

அவர் கோவில்பட்டியில் இருந்த காலத்தில், 1926இல், சட்டத் தொழில் புரிவோர் கட்டணச் சட்டம் வந்தது. கட்டணம் பேசி வழக்கை ஏற்ற வழக்குரைஞர், தம் தொழிற்கடமையில் கவனக்குறைவாக நடந்து கட்சிக்காரருக்கு இழப்பு ஏற்படுத்தினால், வழக்குரைஞர் என்னும் காரணத்தால் மட்டும் பொறுப்பிலிருந்து தப்ப இயலாது என்று அச்சட்டம் கூறியது. கால வரம்பு கடக்க விடுதல், உரிய ஆவணத்தைத் தாக்கல் செய்ய மறத்தல் போன்ற ஒரு நாள் சோர்வு, ஓர் உழவரின் நிலத்தை என்றென்றைக்கும் பறித்துவிடலாம். கட்டணம் கேட்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற்ற அதே இடத்தில் கவனக்குறைவுக்கான பொறுப்பும் இடம்பெற்றது.

இறுதி ஆவணம்

1932இல் தூத்துக்குடிக்குத் திரும்பிய சிதம்பரனார், 1936ஆம் ஆண்டு நவம்பர் 18 அன்று அங்குள்ள காங்கிரஸ் அலுவலகத்தில் இயற்கை எய்தினார். மறைவதற்கு முன் அவர் ஓர் உயில் எழுதிவைத்தார். பெருஞ்செல்வத்தைப் பங்கிடும் உயில் அன்று அது. எந்தக் கடைக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடம் எவ்வளவு கடன் பட்டுள்ளோம் என்பதை எண்ணியெண்ணிக் குறித்துவைத்த ஆவணம் அது. கடைக்காரர் கேட்டால் கொடுப்பதற்குச் சான்று வேண்டும். கேளாதவருக்கும் அது சேர வேண்டும். எனவே தமக்கு எதிரான சான்றைத் தாமே எழுதினார்.

உயில் செல்லுபடியாக இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும் என்பதும், பின்னாளில் நீதிமன்றத்தில் அதை மெய்ப்பிக்க அவர்களுள் ஒருவரேனும் வந்து கூற வேண்டும் என்பதும் சட்டம். எழுதியவர் பேச இயலாத நாளில் அவர் எழுத்துக்காகப் பேசச் சட்டம் செய்த ஏற்பாடு அது. வாழ்நாள் முழுதும் பேச இயலாதவர்களுக்காகப் பேசியவர், தம் கடன்காரர்களின் உரிமைக்கும் அவ்வாறே ஏற்பாடு செய்துவிட்டுச் சென்றார்.

அவருக்கு நான்கு நாள் மூத்த சாட்சியச் சட்டம் அவருக்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் பாரதிய சாட்சிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. மின்னணுப் பதிவுகள் இன்று சான்றாகின்றன. மேடைப் பேச்சைக் காவலர் கையால் எழுதிய காலம் போய், ஒலியும் ஒளியும் பதிவாகும் காலம் வந்துவிட்டது. ஆயினும் பதிவு முழுமையானதா, இடையில் மாற்றப்படவில்லையா என்னும் பழைய ஐயம் புதிய வடிவில் தொடர்கிறது. வழக்குரைஞர்களின் ஒழுங்கை 1961ஆம் ஆண்டு வழக்குரைஞர்கள் சட்டத்தின்படி அமைந்த வழக்குரைஞர் மன்றங்கள் இன்று கண்காணிக்கின்றன. கருவிகளும் அமைப்புகளும் மாறியுள்ளன. மெய்ப்பிக்காமல் ஒருவரையும் குற்றவாளி என்று கூறலாகாது, பிறருக்காகப் பேசும் உரிமை பெற்றவர் அந்த நம்பிக்கைக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் இரண்டும் மாறவில்லை. கரிசல் மண்ணின் வழக்குரைஞர் அக்கணக்கைத் தம் இறுதி ஏட்டில் ரூபாய்க் கணக்காகவே எழுதிக் காட்டினார்.

தெரிந்து தெளிவோம்

சன்னது – வழக்குரைஞராகத் தொழில் புரிய வழங்கப்படும் உரிமம்.
கட்சிக்காரர் – வழக்குரைஞரிடம் தம் வழக்கை ஒப்படைத்தவர்.
குறுக்கு விசாரணை – ஒரு தரப்பின் சாட்சியை எதிர்த்தரப்பினர் வினவுதல்.
மெய்ப்பிக்கும் சுமை – ஒன்றை உண்மை என நிறுவ வேண்டிய கடமை.
நாடுகடத்தல் – குற்றவாளியைத் தொலைவிடத்துக்கு அனுப்பித் தண்டித்தல்.

கற்பவை கற்றபின்

1. ஊரார் பேசிக்கொண்டனர் என்பது ஏன் சான்றாகாது? நீங்கள் அண்மையில் கேள்விப்பட்ட செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை நேரில் அறிந்தவர் யார் என்று தேடிச் சென்று வகுப்பில் உரையாடுக.

2. தந்தையும் மகனும் எதிரெதிர்த் தரப்பில் வாதாடுவது அறமாகுமா? இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

3. சிதம்பரனாரின் சன்னதைத் திரும்ப வழங்கலாமா என்று முடிவு செய்யும் பொறுப்பு உங்களிடம் அளிக்கப்பட்டால், எச்சான்றுகளைக் கருதுவீர்கள்? ஒரு பக்க அளவில் எழுதுக.